உள்ளே சுருண்ட முடி

"முகக்கவசத்தைக் கழட்டினாத்தானே நான் பார்க்க முடியும்?" என்றார் தோல் டாக்டர் அம்மா.

"கழட்டுறேன் டாக்டர். முதல்ல சொல்லி முடிச்சிடறேனே" என்றார் தச்சர்.

இருமல் காலம் என்பதால் வாசலிலேயே எல்லோருக்கும் ஆளுக்கொரு முகக்கவசத்தை மாட்டித்தான் உள்ளே விட்டார்கள். தச்சருக்கு அது ரொம்ப வசதியாகப் போய்விட்டது. மூக்கு முதல் முகவாய் வரை இழுத்து மூடிக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். உட்காரும் முன் அதன் ஆடுகிற காலை ஒரு தட்டு தட்டிப் பார்க்கவும் தவறவில்லை.

"சரி, சொல்லுங்க. என்ன தொந்தரவு?"

"முகவாயில சின்னச் சின்னதா கொப்புளம். சிலது சிவந்து, சிலது கறுத்து. உள்ளுக்குள்ள முடி சுருண்டு கிடக்கிறது தெரியுது. ஷேவ் பண்ணப் பண்ண அதிகமாகுது."

"முடி வெளியே வராம தோலுக்குள்ளயே வளைஞ்சு வளருது. பயப்பட ஒண்ணுமில்ல. சோப்பு, நுரை ஏதாவது போட்டுத்தானே ஷேவ் பண்றது?"

"ஒண்ணும் கிடையாது. வறட்டு வறட்டுன்னுதான். அவ்வளவு அவசரம். கதவுக்கு வெளியே வரைக்கும் சத்தம் கேக்கும்."

"கொடுமை. பிளேடு?"

"அது புதுசு டாக்டர். வாராவாரம் மாத்திடறேன், யாருக்கும் தெரியாம."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "பிளேடு மாத்தறதுல என்னங்க ரகசியம்? பேங்க் லாக்கரா?"

தச்சர் கூரையைப் பார்த்தார். முகத்துக்கு வைத்தியம் கேட்டு வரும் ஆண்கள் எல்லோருமே எதையோ திருடிவிட்டு வந்தவர்கள்போலத்தான் முழிப்பார்கள் என்பது டாக்டரின் அனுபவம். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ஊசியால குத்தி எடுக்கிற பழக்கம் உண்டா?"

"உண்டு. அன்னைக்கு ரத்தம்கூட... டாக்டர், அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். ஒரே பொண்ணு. இந்த முகத்தை வச்சுக்கிட்டு எப்படி மேடை ஏறுறது, எப்படிப் போட்டோவுக்கு நிக்கிறதுன்னு வீட்டுல தூக்கமே இல்ல. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்து அழுகைதான். அதுக்குள்ள சரியாகுமா? அதை மட்டும் சொல்லுங்க."

"இவ்வளவு பெரிய மனுஷன் இதுக்குப் போய் அழலாமா?"

டாக்டருக்கு மனசு இளகிவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"கண்டிப்பா சரியாகும். முன்வரிசையில நின்னு போட்டோ எடுத்துக்கலாம். முதல்ல அந்த ஊசியைத் தூக்கிப் போடுங்க. வெதுவெதுப்பான தண்ணியில துணியை நனைச்சுப் பிழிஞ்சு, தினம் கொஞ்ச நேரம் ஒத்தடம் கொடுங்க. அப்புறம் விரலால மெதுவா, வட்டமா தேய்ச்சு விடுங்க. தோல் இளகினா முடி தானா வெளியே வந்துடும். களிம்பு எழுதித் தர்றேன். ஷேவ் பண்ணணும்னா குளிச்ச பிறகு, நுரை போட்டு, தோலை இழுத்துப் பிடிக்காம, முடி வளர்ற திசையிலயே பண்ணணும்."

"ரேகைக்கு எதிரா இழைச்சா மரமே சிலும்பும்" என்று தச்சர் தலையாட்டினார். "ஒத்தடம், வட்டமா, குளிச்ச பிறகு, திசையோட..." என்று விரல் மடக்கி மனப்பாடம் செய்தார்.

இப்படி ஒரு நோயாளி தினம் ஒருத்தர் வந்தால் போதும் என்று டாக்டருக்குத் தோன்றியது.

"சீழ் வச்சாலோ வலி அதிகமானாலோ உடனே வரணும். முக்கியமான விஷயம், கொப்புளம் ஆறுற வரைக்கும் பிளேடே படக் கூடாது. அதுவரைக்கும் தாடியை வளர விட்டுடுங்க."

தச்சர் துள்ளி எழுந்தார். "ஐயோ, அது மட்டும் முடியாது டாக்டர்!"

"ஏன்? ராஜா மாதிரி இருப்பீங்க."

"உயிரே போனாலும் நடக்காது. வேற வழி சொல்லுங்க."

"சரி, ட்ரிம்மர் வச்சு மேலாப்புல வெட்டிக்கலாம். ஒட்ட எடுக்கக் கூடாது. ஆனா முகத்தைப் பார்க்காம நான் மருந்து எழுத மாட்டேன். கழட்டுங்க."

இனித் தப்ப வழியில்லை. தச்சர் தயங்கித் தயங்கி முகக்கவசத்தை இறக்கினார். டாக்டர் விளக்கைப் பக்கத்தில் இழுத்துக் குனிந்து பார்த்தார். முகத்தை இடப் பக்கம் திருப்பினார், வலப் பக்கம் திருப்பினார். முகவாய் மழமழவென்று இருந்தது. மருந்துக்குக்கூட ஒரு கொப்புளம் இல்லை.

"எங்கேங்க இருக்கு?"

"வீட்டுல இருக்கு டாக்டர், என் சம்சாரத்தோட முகவாயில" என்றார் தச்சர். "எனக்குத் தெரியாதுன்னு அவ நம்பிக்கிட்டிருக்கா. நானும் ஒண்ணும் தெரியாத மாதிரி தினம் காலையில பாத்ரூம் கதவைத் தட்டி, 'உள்ளே என்ன தூக்கமா?'ன்னு கத்திட்டுத்தான் வேலைக்குக் கிளம்புறேன்."