எட்டாத லென்ஸ்

"மன்னி, அது வேண்டாம். இது மதி, இதுவே போரும்" என்று சுந்தரராமன் சொன்னதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துது.

கேமரா வாங்க வந்தது இவரா? இவருடைய அண்ணன் சம்சாரம் நாகலக்ஷ்மியம்மா. லைப்ரரியில வேலை பார்த்து, தன் சம்பாத்தியத்துல வாங்க வந்திருக்காங்க. கூட வந்த மனுசனுக்கு என்ன நாட்டாமை?

கிழக்கேகோட்டைக்குப் பக்கத்துல, பழவங்காடியில என் கடை. துபாய்லருந்து லீவுக்கு வர்றவங்க வித்துட்டுப் போற கேமராவையெல்லாம் துடைச்சுச் சரிபார்த்து விக்கிறவன் நான். எண்பத்திரண்டுல அந்த யாவாரம் கொடிகட்டிப் பறந்துது.

அன்னைக்கு மேசையில மூணு கேமரா வச்சேன். ரெண்டு செங்கல் கனம். அந்தம்மா அதுகளைத் தொடவே இல்லை. மூணாவதா இருந்த சின்ன ஒலிம்பஸை எடுத்து, கட்டை விரலால லிவரைத் தள்ளி, காதுகிட்ட வச்சு ஒரு தடவை பட்டனை அமுக்கினாங்க.

"சத்தம் அடக்கமா இருக்கு தாணு. மந்திரம் சொல்றபோது உறுத்தாது."

விஷயம் இதுதான். அடுத்த மாசம் அவங்க மக கோமதிக்குக் கல்யாணம். தாலி கட்டுற படத்தைத் தன் கையால எடுக்கணும். வருஷக்கணக்கா வீட்டுல கிடந்த ஓட்டைப் பெட்டிக் கேமராவை வச்சே மியூசியத்துல நடந்த போட்டோப் போட்டியில பரிசு வாங்கினவங்க. ஆசைப்படக்கூடாதா?

கேமரா முடிவாயிட்டு. லென்ஸ்லதான் தகராறு.

என்கிட்ட ரெண்டு இருந்துது. ஒண்ணு நீளம். மண்டபத்துக் கடைசியில நின்னாலும் மணப்பொண்ணு முகத்தைப் பக்கத்துல இழுத்துட்டு வந்துரும். இன்னொண்ணு குட்டை. பக்கத்துல நின்னு பரப்பா எடுக்கத்தான் லாயக்கு. பின்னாலருந்து எடுத்தா ஊர்க்காரன் முதுகுதான் விழும்.

அந்தம்மா நீளத்தை எடுத்தாங்க. "எனக்கு இதான் சரி. நான் கடைசித் தூண்கிட்டதானே நிப்பேன்."

காப்பிக்குச் சர்க்கரை போரும்ங்கற மாதிரி சாதாரணமாச் சொன்னாங்க. புருஷன் போனவ முகூர்த்த நேரத்துல முன்னால வரக்கூடாதுன்னு கோட்டைத் தெருக்கள்ல ஒரு வழக்கம். பெத்த மக கல்யாணமா இருந்தாலும் அப்படித்தான்.

அப்பத்தான் சுந்தரராமன் நீள லென்ஸை வாங்கி என் பக்கம் தள்ளிட்டு, குட்டை லென்ஸைத் தொட்டு அந்த 'இது மதி'யைச் சொன்னாரு.

"அங்கேருந்து இதுல அவ முகம் தெரியாதே, சுந்தரம்" என்றாங்க அந்தம்மா.

"அதெல்லாம் தெரியும். தாணு, பொதிஞ்சு கொடு."

நானும் விடாம எடுத்துச் சொன்னேன். மனுசன் காதுல வாங்கினாத்தானே? தாரை வார்த்துக் கொடுக்கப்போறது அவரும் அவர் சம்சாரமும். கல்யாணத்தை ஏத்து நடத்துறவர்கிட்ட அந்தம்மா எப்படி மல்லுக்கு நிப்பாங்க? நீள லென்ஸை ஒரு தடவை பார்த்தாங்க. முகம் வாடிப்போச்சு. குட்டையை வாங்கிட்டுப் போயிட்டாங்க.

படம் எடுக்கிற ஆசையையும் கிள்ளிப் போட்டுட்டானே பாவின்னு எனக்கு ஆறவே இல்லை.

கல்யாணத்துக்கு எனக்கும் அழைப்பு. நீள லென்ஸைப் பையில போட்டுக்கிட்டுத்தான் போனேன். நேரம் பார்த்து அந்தம்மா கையில கொடுத்துரணும். அந்த ஆளு கண்ணு முன்னாலயே கொடுக்கணும்.

சொன்ன மாதிரியே கடைசித் தூண்கிட்ட நின்னுட்டிருந்தாங்க. கழுத்துல கேமரா. என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க.

"கோமதி கடுகாத் தெரியறா, தாணு."

நான் பைக்குள்ள கையை விட்டேன். அதே நேரம் மேளம் சட்டுனு நின்னுது. மேடையிலருந்து சுந்தரராமன் குரல்.

"மன்னி, இங்கே வாங்கோ."

மண்டபமே திரும்பிப் பார்த்துது. அந்தம்மா தூணைப் பிடிச்சுக்கிட்டாங்க. நல்ல வேளையில இதென்ன கூத்துன்னு ஒரு அத்தை எழுந்து ஆரம்பிச்சா. சாஸ்திரிகள் முகூர்த்தம் போறதேன்னு முனகினாரு.

சுந்தரராமன் அசையலை. "படம் எடுக்கறவா முன்னாடிதான் நிக்கணும். மன்னி வந்தப்புறம் தாலி கட்டினாப் போரும்."

அத்தை அப்படியே உட்கார்ந்துட்டா. மணையில இருந்த கோமதி கையை நீட்டினா. "வாம்மா."

அந்தம்மா நடந்தாங்க. கூட்டம் விலகி வழி விட்டுது. நாலடி தூரத்துல நின்னு கேமராவைத் தூக்கினாங்க. கெட்டிமேளம். தாலி ஏறிச்சு. நாலா பக்கத்துலருந்தும் விழுந்த அட்சதை பொண்ணு மாப்பிள்ளை மேல பாதி, அந்தம்மா தலையில பாதி. அழுகையும் சிரிப்புமா நின்னாங்களே தவிர, கண்ணைத் துடைக்கக்கூட கேமராவை இறக்கலை. என் கையிலருந்த அட்சதையை நான் குறி பார்த்து அவங்க தலையிலதான் போட்டேன். கேட்டியளா, சொந்தத் தங்கச்சி கல்யாணத்துலகூட எனக்கு அப்படி மனசு நிறையலை.

சாப்பிட்டுக் கை கழுவுற இடத்துல சுந்தரராமனைப் பிடிச்சேன். பையிலருந்து நீள லென்ஸை எடுத்துக் காட்டி, "சாமி, இதை அம்மாகிட்டக் கொடுக்கத்தான் கொண்டு வந்தேன்" என்றேன்.

மனுசன் அன்னைக்குத்தான் முதல் தடவையாச் சிரிச்சாரு.

"இது கையில இருந்திருந்தா, மன்னி அந்தத் தூணை விட்டு வந்திருப்பாளா, தாணு?"