எட்டில் ஒரு பங்கு கசிவு

கிறிஸ்தவக் கல்லூரிகளை ஒப்பிட்டுச் சொல்லும் கருவி தேவசகாயம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேசியது.

"ஓப்பீர் கல்லூரி: செலவு நாற்பது லட்சம், வாழ்நாள் வருமானம் பத்துக் கோடி. சாறிபாத் கல்லூரி: செலவு பன்னிரண்டு லட்சம், வருமானம் நான்கு கோடி. அதிலும் எட்டில் ஒரு பங்கு கசிவு, அதாவது படித்தவர்கள் பிறருக்குக் கொடுத்துத் திரும்பி வராத பணம்."

"ஓட்டைப் பானையிலயா படிக்கப் போற மக்ளே?" என்று சிரித்தார் தேவசகாயம். மகள் எப்சிபாவுக்குச் சாறிபாத் மேல்தான் ஆசை. விண்ணப்பிக்க இன்றே கடைசி நாள்.

"எங்க கசியுதுன்னும் கேளுங்கப்பா."

அவர் கேட்டார்.

"இந்த வீட்டுக்கு மிக அருகில் ஒன்று," என்றது கருவி. "பதினேழு ஆண்டுகளுக்கு முன், நாகர்கோவில் மருத்துவமனை ஒன்றில், குறைமாதக் குழந்தைக்கு நாற்பது நாள் இன்குபேட்டர் வாடகை. கட்டியவர் சாறிபாத்தில் படித்த நர்ஸ். லாபம் ஏதுமில்லை."

தேவசகாயத்தின் சிரிப்பு நின்றது. மருத்துவமனை நிர்வாகிதான் அந்த வாடகையைத் தள்ளுபடி செய்தார் என்று நம்பி, கிறிஸ்துமஸ் தவறாமல் அவருக்குக் கேக் அனுப்பி வந்தார். அவரும் மறுக்காமல் சாப்பிட்டிருக்கிறார்.

"அப்பா, அந்தக் கசிவு நாந்தானா?"

தேவசகாயம் சாறிபாத் விண்ணப்பத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"எச்சரிக்கை," என்றது கருவி. "கசிவு கூடும்."

"கூடட்டும்டே," என்றார் தேவசகாயம். "அந்த நர்ஸம்மா விலாசத்தச் சொல்லு. பதினேழு கேக் பாக்கி இருக்கு."