பாக்கலாமுங்க

ஏற்காட்டு ஓட்டல் ஒன்றில், பேசியே பிழைக்கிற வக்கீல்களுக்குப் பேசக் கற்றுத்தரும் ஆங்கில வகுப்பு. ஆசிரியை சிவசக்தி, மாரமங்கலத்து விவசாயி ஐயாக்கண்ணுவைப் பயிற்சிக்குக் கட்சிக்காரராக உட்கார வைத்திருந்தார்.

"ஐயா, பக்கத்து எஸ்டேட்காரர் உங்க காப்பித் தோட்டத்து வழியா ரோடு போடக் கேக்கறார். சம்மதமா?" என்றார் வக்கீல் கோபி.

"பாக்கலாமுங்க."

'சம்மதிக்கத் தயாராக இருக்கிறார்' என்று கோபி ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார்.

"தப்பு," என்றார் சிவசக்தி. "இந்த மலையில மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. பாக்கலாமுங்கன்னா முடியாதுன்னு அர்த்தம்."

"ஒரு வார்த்தையில என்ன மேடம் ஆயிரும்?"

"எம்பட தோட்டம் பாதி போச்சுங்க," என்றார் ஐயாக்கண்ணு. "எங்க வக்கீலும் இப்படித்தான் எழுதிக் குடுத்தாங்க. ரோடு போட்டுக்கலாம்னு தீர்ப்பாயிருச்சு."

"எந்த மடையனுங்க அது?" என்றார் கோபி.

சிவசக்தி சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"அந்த வக்கீல் நான்தான். இப்ப அப்பீலையும் நான்தான் நடத்தறேன்."

வகுப்பு முடிந்ததும் கோபி பெரியவரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, கெடுத்தவங்ககிட்டயே மறுபடியுமா? அப்பீலை எங்கிட்டக் குடுங்க. ஜெயிச்சுத் தர்றேன்."

ஐயாக்கண்ணு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாக்கலாமுங்க."

கோபி தன் தாளை எடுத்து, ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'நோ' என்று எழுதினார்.