ஓட்டை வேண்டிய கூரை

எங்கள் ம்பாலே மலை யூத ஜெபாலயத்தின் முற்றத்தில் உச்சி வெயில் கொளுத்துகிறது. வாழை இலை வேய்ந்த பண்டிகைக் குடிலுக்குள் மட்டும் கும்மிருட்டு. பொழுது சாய்ந்ததும் கூடாரப் பண்டிகை பிறந்துவிடும். வேதம் படிக்கும் பெரியவர்கள் வகுப்பு மொத்தமும் உள்ளே அண்ணாந்து நிற்கிறது. "ஏனோஸ் அண்ணே, உள்ள இருந்து பாத்தா நட்சத்திரம் தெரியணும்னு படிச்சோமே!" என்கிறாள் டீச்சர் அதலியா. கூரைமேலிருந்து குரல் மட்டும் வருகிறது. "இத்தனை வருஷமா கூரை போடுறேன். ஓட்டை வச்சுக் குடுன்னு எவனும் கேட்டதில்ல டீச்சர்." மூலையில் வாழைக்காய் சீவிக்கொண்டிருக்கும் அவர் மனைவி நவோமே நிமிராமலே சொல்கிறாள்: "எங்க கட்டிலுக்கு மேல ஒரு கூரை போட்டிருக்காரு. அதப் பிரிச்சுக் கொண்டாங்க. நட்சத்திரம் என்ன, நிலாவே தெரியும்." குடில் குலுங்கச் சிரிக்கிறது வகுப்பு. மேலே சரசரப்பு, ஓர் இலை விலகுகிறது. கையகல வெயில் நேராக நவோமேயின் முகத்தில் விழுகிறது. "இப்பத் தெரியுதா?" அவள் அண்ணாந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நகராமல் இருக்கிறாள். "உங்க மூஞ்சிதான் தெரியுது. இன்னும் ரெண்டு இலை உருவுங்க."