சுத்தமான புண்

புண்ணின் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் பிரபாவதி சீழ் இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தாள். அவள் அப்பாவுக்கு இப்படித்தான் சின்னக் காயத்தில் சீழ் வைத்து, கடைசியில் காலையே எடுத்தார்கள். இப்போது கணவன் கார்முகிலுக்கு. மைன்ஸ் ஷிப்டுக்குக் கிளம்பும்போது சைக்கிள் மட்கார்டு காலைக் கிழித்துவிட்டது.

"என்ன பாத்துக்கினே இருக்க? சீழ் வெச்சிருக்குதா?"

"பொட்டுகூட இல்லங்க."

ஆனால் ஜுரம் மட்டும் அனலாய்க் கொதித்தது. டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"நல்லவேளை, சீழ் வெக்கலைங்க டாக்டர்."

கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. "வேற மாத்திரை எதாவது சாப்பிடுறாரா?"

"தைராய்டு அதிகமா சுரக்குதுன்னு ஒண்ணுங்க. இப்பதான் ஆரம்பிச்சாரு."

"அதை உடனே நிறுத்துங்க" என்றவர், ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அவளைத் தனியே அழைத்தார்.

"கிருமியோட சண்டை போட்டுச் செத்த வெள்ளணுக்கள்தாம்மா சீழ். அந்த அணுக்களுக்கு நியூட்ரோபில்னு பேரு. அபூர்வமா சிலருக்கு இந்த மாத்திரை அதையே இல்லாம பண்ணிடும். உங்க வீட்டுக்காரர் உடம்புல இப்ப சண்டை போட ஆளே இல்லை."



அட்மிட் செய்து, வெள்ளணுக்கள் மறுபடி ஊற ஊசி போட்டார்கள். தினமும் நர்ஸ் கட்டைப் பிரிக்க, புண் பளிச்சென்று சுத்தமாக இருக்க, பிரபாவதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஒருநாள் காலை நர்ஸ் குனிந்து பார்த்தாள். "அக்கா, லேசா சீழ் தெரியுது."

பிரபாவதி வராந்தாவுக்கு ஓடி வடலூருக்குப் போன் போட்டாள். "அம்மா, அவருக்குச் சீழ் வெச்சிருச்சும்மா!"

"அய்யோ, உங்கப்பாவுக்கு வந்த மாதிரியேவாடி!" என்று அம்மா அலறினாள்.

"அழாதம்மா... அவரு பொழச்சிக்கினாரு!"