பதின்மூன்று டன் மாப்பிள்ளை

வண்டி கடலில் இறங்கியதும் குப்பமே கைதட்டியது. நான் தட்டவில்லை.

பதின்மூன்று டன் இரும்பு. கீழே சங்கிலிச் சக்கரம், மேலே சின்ன பீரங்கி, உள்ளே பதினோரு பேர். இது மிதக்குமாம். முப்பது வருஷம் இந்த மாமல்லபுரத்துக் கடலில் மீன் பிடிக்கிற மாயவனிடம், என்னிடமே வந்து சொல்கிறார்கள்.

ஓட்டுகிறவன் கோதண்டராமன், பட்டாளத்துக்காரன். செங்கல்பட்டுப் பக்கம், ஏரியில் எருமை குளிப்பாட்டி வளர்ந்தவன். போன லீவில் சந்தையில் என் மகள் கண்ணகியிடம் மீன் வாங்கினான். மறுநாளும் வாங்கினான். அந்த மாதம் முழுக்க வாங்கினான். பிறகு பெண் கேட்டு ஆள் அனுப்பினான். கட்டினால் அவனைத்தான் என்று இவளும் ஒற்றைக் காலில் நின்றாள்.

"கடல்ல எறங்காதவன் கையில நான் தக்கய குடுக்க மாட்டேன்" என்று வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

தக்கை என்றால் படகின் அடித்துளையை அடைப்பது. கரையேறினதும் அதைப் பிடுங்கி, உள்ளே நிற்கிற தண்ணீரை வடியவிட்டு, மடியில் செருகிக்கொள்வோம். பெண்ணுக்கு நிச்சயம் என்றால் ஊர் பார்க்க அந்தத் தக்கையை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுப்போம். தாம்பூலமெல்லாம் அதற்கப்புறம்தான்.

அதே கோதண்டராமன் இன்று கடலில் இறங்குகிற வண்டியோடு வந்து நிற்கிறான். ராணுவத்துக்குச் சோதனை பண்ண வேறு கரையே கிடைக்கவில்லை பாருங்கள். அரை மைல் தள்ளி ஒரு சிவப்பு மிதவை. அதைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டால் பெண்ணைத் தருகிறேன் என்று, என் வாய்க்கொழுப்பு, நாலு பேர் முன்னால் நானே சொல்லித் தொலைத்துவிட்டேன்.

விடிந்ததும் கழிமுகத்தில் ஒரு முறை இறக்கிப் பார்த்தார்கள். பிறகு மணலில் நிறுத்திவிட்டு நாஸ்தாவுக்குப் போனார்கள். கோதண்டராமன் மட்டும் டீ டம்ளரோடு வந்து, பவ்யமாக எனக்குச் சுற்றிக் காட்டினான். தண்ணீரில் இந்தச் சங்கிலிதான் துடுப்பாம். முன்னால் இருக்கிற பலகை எழுந்து அலையைத் தடுக்குமாம். பக்கத்துத் துவாரங்கள் வழியாகச் சிப்பாய்கள் உட்கார்ந்தபடியே சுடலாமாம். பின்கதவுக்குள்ளேயே டீசல் வைத்திருக்கிறார்களாம். உள்ளே தண்ணீர் வந்தால் வெளியே இறைக்கப் பம்பும் உண்டாம்.

அவன் டம்ளரைக் கழுவப் போனதும் தனியாக ஒரு சுற்று வந்தேன். குனிந்து அடியைப் பார்த்தேன். சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் கரையில் நிற்கிற எதையும் அடியைப் பார்க்காமல் விடமாட்டார்கள்.

இப்போது மிதவைக்குப் பாதி தூரம் போய்விட்டான். பின்பக்கம் தாழ்ந்திருந்தது. மேலே பம்பிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தது.

"பாரு, மாப்ள வண்டி ஒண்ணுக்குப் போய்கினு கீது" என்றேன், என் மனைவி ஆதியம்மாளிடம். பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். கண்ணகி சிரிக்கவில்லை.

மிதவையைச் சுற்றும்போது இன்னும் தாழ்ந்தது. திரும்பி வரும்போது பின்கதவில் பாதி தண்ணீருக்குள் இருந்தது. பெண் தர மாட்டேன் என்று சொன்னேனே தவிர, பதினோரு பேர் முழுகட்டும் என்றா சொன்னேன்?

கரைக்கு முன்னால் அலை உடைகிற இடத்தில் அவன் வேகத்தைக் குறைத்தான். மூன்று அலைகளைப் போகவிட்டான். நாலாவதன் முதுகில் ஏறி வந்து மணலைப் பிடித்தான்.

அது எங்கள் வித்தை. எருமைக்காரனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கண்ணகியைப் பார்த்தேன். அவள் அவசரமாக வேறு பக்கம் பார்த்தாள்.

பின்கதவுகள் திறந்தன. குடம் குடமாகத் தண்ணீர் கொட்டியது. அதோடு சிப்பாய்கள் இறங்கினார்கள். கடைசியாக முன்பக்கத்திலிருந்து கோதண்டராமன், இடுப்பு வரை ஈரம். சோதனையை நடத்த வந்திருந்த மேஜர் படுத்து வண்டியின் அடியைப் பார்த்தார். தண்ணீர் வடிக்கிற துளைக்கு மூடி இல்லை.

ஓட்டை வண்டியே ஒரு மைல் நீந்தியிருக்கிறதே என்று மேஜருக்கு ஒரு பக்கம் சந்தோஷம். மறு பக்கம், யார் பொறுப்பு என்று கத்தினார்.

"என் தப்புதான் சார். சரியா முறுக்காம வுட்டுட்டேன்."

விடியலில் கழிமுகத்தில் இறக்குமுன் அவன் அதை இரண்டு கையாலும் முறுக்கியதை நானே பார்த்தேன். தோளில் இருக்கிற பதவிப் பட்டை போய்விடும் என்று பக்கத்தில் ஒரு சிப்பாய் முணுமுணுத்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. வெற்றிலையாவது கொடுத்துத் தேற்றுவோம் என்று மடிக்குள் கையை விட்டேன்.

வெற்றிலைப் பொட்டலத்துக்கு அடியில், ஜில்லென்று, கனமாக ஒன்று தட்டுப்பட்டது.

முப்பது வருஷப் பழக்கம். கரையில் நிற்கிறது, அடியில் சொட்டுகிறது. என்னைக் கேட்காமலே என் கை திருகி எடுத்திருக்கிறது.

அப்படியே நழுவியிருக்கலாம். அவன் ஈரமாக நின்றுகொண்டிருந்தான்.

"சார், அவன் மேல தப்பு இல்ல" என்று முன்னால் போனேன். மடியிலிருந்து அதை எடுத்து, எல்லோரும் பார்க்க, கோதண்டராமன் கையில் வைத்தேன்.

ஆதியம்மாள் ஆரம்பிக்க, பெண்கள் அத்தனை பேரும் குலவையிட்டார்கள். கண்ணகி முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

மேஜர் மூடியைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். ஒரு மூடி கிடைத்ததற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று என்னிடம் கேட்டார்.