சிவப்புப் பொத்தான்

"தம்பி, என் புள்ளையை அழிச்சுட்டாடா!"

ரஹமத் பீவி டேப் ரெக்கார்டரைக் குழந்தையைப் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரேடியோ கடைக்குள் நுழைந்தார். பழுதுக்கு வந்த ரேடியோவைப் பிரித்துப் போட்டிருந்த தம்பி அப்துல் ஷுக்கூர் பதறிப்போய் எழுந்தார்.

"யாரு அக்கா?"

"என் மருமக சுல்தானாதான். வேற யாரு?"

மகன் காசிம் ரியாத்தில் கட்டட வேலை செய்கிறான். அவனுக்கு எழுதத் தெரியாது, அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எண்பத்தைந்தாம் வருடத்துப் பாப்பிரெட்டிப்பட்டியில் நினைத்த நேரத்துக்குப் போன் பேசவும் வழியில்லை. அதனால் கேசட்டில் பேசி, லீவில் வரும் ஆட்களிடம் கொடுத்து அனுப்புவான். அது வந்துவிட்டால் தெருவுக்கே ரஹமத் பீவிதான் ராணி.

"போன தடவை வந்த கேசட்டைப் போடறேன், புள்ள குரலைக் காணோம். இவ பேசறா. பேச்சா அது? 'தப்பு! திருப்பிச் சொல்லுங்க!'ன்னு அதட்டுறா. கதவைச் சாத்திக்கிட்டு, பேசறதைப் பதியற அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கி அமுக்கி, எல்லாத்தையும் அழிச்சிருக்கா."

ஷுக்கூருக்கே கோபம் வந்துவிட்டது. புருஷனை அதட்டி கேசட் அனுப்பும் பெண்ணை அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

ரஹமத் பீவி முந்தானையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். "இது இன்னிக்கு வந்தது. இன்னும் கேக்கவே இல்ல. இதையாவது காப்பாத்திக் கொடு."

"அது சுலபம்க்கா. மேல ரெண்டு மூலையிலயும் பொடிப் பல்லு மாதிரி இருக்கு பாரு. அதை உடைச்சு விட்டா சிவப்புப் பொத்தானே அமுங்காது. யாராலும் அழிக்க முடியாது."

"உடை, உடை!"

"இரு. அந்தப் பொண்ணையும் ஒரு வார்த்தை கேட்டுடுவோம்."

ஸ்குரு டிரைவரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அக்காவோடு கிளம்பினார்.

வீட்டில் சுல்தானா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, காசிம் பேசுனதை அழிச்சியா?"

"அழிச்சேங்க."

"எதுக்கு?"

"சொல்லக் கூடாதுன்னு அவரு சொல்லியிருக்காருங்க."

"பாத்தியா திமிரை!" என்று குதித்தார் ரஹமத் பீவி. "பெட்டியைக் கட்டுடி. பொம்மிடி பஸ்ஸுல ஏத்தி உங்கம்மா வூட்டுக்கே அனுப்பிடறேன்."

சுல்தானாவின் கண் கலங்கியது. ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள், கொடுத்த வாக்கை மீறாதவள்.

"முதல்ல புள்ள என்ன சொல்றான்னு கேப்போம்" என்று ஷுக்கூர் கேசட்டைப் போட்டார்.

"சுல்தானா, நீ அனுப்புன பாடம் முடிஞ்சது. இப்ப ரூமுல எல்லாரும் படிக்கிறாங்க. கேளு. ம், சொல்லுங்கப்பா!"

பத்துப் பன்னிரண்டு ஆண் குரல்கள் ஒரே நேரத்தில் கிளம்பின.

"ப... பா... பி... பீ..."

நடுவில் ஒருவன் சிரித்தான். "டேய், ஒழுங்கா சொல்லு. எங்க வூட்டுல திட்டுவாங்க" என்றான் காசிம்.

ஷுக்கூர் டேப்பை நிறுத்தினார். சுல்தானா மெதுவாகச் சொன்னாள்.

"நான் எழுதுற லெட்டரை அங்க வேற ஆளுங்கதான் அவருக்குப் படிச்சுக் காட்டுவாங்க. வெக்கமா இருக்கு, எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுன்னாரு. எழுத்தை எல்லாம் பேப்பர்ல பெருசா எழுதி, எப்படிச் சொல்லணும்னு கேசட்டுல பேசி அனுப்புனேன். நல்லாப் படிச்சப்புறம் அம்மாகிட்ட நானே சொல்றேன்னாரு. புதுக் கேசட் வாங்கணும்னா உங்க கடைக்குத்தான் வரணும், விஷயம் தெரிஞ்சுடும். அதான் வந்த கேசட்டுலயே அடுத்த பாடத்தைப் பேசி, அனுப்ப வச்சிருந்தேன். மாமிகிட்ட பேசுனதை அழிச்சது என் தப்புதான்."

இதைக் கேட்டு ரஹமத் பீவி மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவன் எழுதப் படிச்சுட்டா அப்புறம் எதுக்குப் பேசி அனுப்புவான்? உங்களுக்கு லெட்டர் வரும். நான் அந்தக் காகிதத்தை வச்சுக்கிட்டு என்னடா பண்ணுவேன்? எனக்கு அவன் குரலும் போச்சே!"

ஷுக்கூர் சும்மா இருக்க முடியாமல் கேசட்டைத் திருப்பிப் போட்டார்.

"அம்மா, இந்தப் பக்கம் உனக்கு. எனக்கு எழுத்து எல்லாம் வந்துடுச்சும்மா. இப்ப நான் வாத்தியாரு, நீ ஸ்டூடண்ட். எங்க, சொல்லு பாக்கலாம். அ..."

ரஹமத் பீவி தம்பியைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"அ..."

"சத்தமே வரலியே! இன்னும் சத்தமா!" என்று ரியாத்திலிருந்து அதட்டினான் மகன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ரஹமத் பீவி கத்தியே சொன்னார், "அ!"

பாடம் ஔ வரைக்கும் போனது. கடைசியில் காசிம் சொன்னான், "மிச்ச டேப்பை உனக்குத்தாம்மா விட்டிருக்கேன். நீ சொன்னதை நான் கேட்டுத்தான் அடுத்த பாடம்."

ஷுக்கூர் கேசட்டை வெளியே எடுத்து, ஸ்குரு டிரைவரை அதன் மூலையில் வைத்தார்.

"இதை உடைச்சே ஆகணும்க்கா. புள்ள குரல் காலத்துக்கும் அழியாது."

ரஹமத் பீவி வெடுக்கென்று கேசட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"கையை எடுடா! இதை உடைச்சுட்டா நான் எதுல சொல்லி அனுப்புவேன்?"

பிறகு மருமகள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, கேசட்டை அவளிடமே நீட்டினார்.

"சுல்தானா, அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கும்மா."